ஒளியும் கமராவும்

கிடுகு வேய்ந்த வீட்டில் வளர்ந்தவர் எவரும் ஒரு காட்சியை மறந்திரார். நண்பகலை அண்டிய வேளையில், கூரையின் சிறு பொத்தல்களூடாகப் புகுந்த வெயில், சாணமிட்டு மெழுகிய நிலத்தில் வட்ட வட்டமாக, வெள்ளிக்காசு சிந்தினாற்போலக் கிடக்கும். சிறு பிராயத்தில் அக்காசுகளைக் கையாற் பொத்திப் பிடிக்க முயன்றோம். அவையோ நம் புறங்கைமீது ஏறிநின்று நம்மை எள்ளின. ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. கூரையிலுள்ள பொத்தல் வட்டமானதன்று. ஓலை கிழிந்தவிடம் கோணலாயும், ஈர்க்குப் பிரிந்தவிடம் கீற்றாயும் இருக்கும். அவ்வாறிருக்க, நிலத்தில் விழும் ஒளி மட்டும் வட்டமாயிருத்தல் எங்ஙனம்?

நிலத்திற் கிடப்பது பொத்தலின் வடிவன்று, ஞாயிற்றின் விம்பம் என்பதே இதற்கு விடை. ஒளி நேர்கோட்டிற் செல்லும் இயல்பினது. ஞாயிற்றின் ஒரு விளிம்பினின்று புறப்பட்ட கதிர் சிறு துவாரத்தினூடு புகுந்து எதிர்ப்புறஞ் செல்லும். மற்றை விளிம்பினின்று புறப்பட்டது இப்புறம் வரும். இங்ஙனம் எல்லாக் கதிர்களும் சென்று விழுந்தவிடத்தே ஞாயிறு தலைகீழாக எழுதப்படுகின்றது. ஞாயிறு தன் விட்டத்தைப்போல ஏறக்குறைய 108 மடங்கு தொலைவில் நம்மினின்றும் நிற்றலால், அது உச்சியில் நிற்குங்கால் விம்பத்தின் விட்டமும் பொத்தலின் உயரத்தில் 108இல் ஒரு பங்காகும். ஒன்பதடி உயரமென்பது 108 அங்குலம். ஆகவே அவ்வுயரத்திலுள்ள நுண்ணிய பொத்தல் நிலத்தில் ஓரங்குல அகலமான காசை இடும். ஐயமுடையோர் அளந்து பார்க்கலாம்.

26.12.2019 அன்று முற்பகலில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகக் கங்கண சூரியகிரகணம் சென்றது. மேகம் மறையாதவிடங்களில், மரநிழலிற் கிடந்த காசுகள் யாவும் மோதிரங்களாயின. ஞாயிறு மோதிரமானால் அதன் விம்பமும் மோதிரமாதலே முறை. பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் என்னும் அரபுப் பேரறிஞர் (965 – ஏறக்குறைய 1040) இதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்தார். கிரகண காலத்தில் துவாரத்தினூடு விழும் பிறைவடிவுபற்றி அவர் தனி நூலொன்றே எழுதினார். கண்ணினின்று கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றது என்று பலர் நம்பியிருந்த காலத்தில், பொருளினின்று வரும் ஒளியே கண்ணிற் புகுகின்றது என நிலைநாட்டியவரும் அவரே. இலத்தீன் மொழியிற் கமரா என்றால் அறை. இருட்டறை என்னும் பொருள்பட அமைந்த பெயரின் முற்பாதியே இன்று எஞ்சியுள்ளது. ஆகவே, கிடுகு வீட்டுப் பிள்ளைகளாகிய நாம் கமராவினுள்ளேயே வளர்ந்தவர்கள் எனலாம்.

ஒளிப்படக்கலைபற்றி எழுதுக என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, எத்தகைய கமராவை வாங்கல் வேண்டும் என்பதையே பழைய மாணவர் பலரும் என்னிடம் எதிர்பார்ப்பர் என அறிவேன். அதனைக் கட்டுரையின் கடைப்பகுதிக்குத் தள்ளி வைத்துள்ளேன். அவ்வாறு செய்தமைக்குக் காரணம் என் சொந்தப் பிழையொன்று.

2005ஆம் ஆண்டு. யான் பயிற்சிக் கலாசாலையினின்று வெளிவந்து ஆசிரியப் பணியிற் புகுந்த புதிது. க. பொ. த. சாதாரண தர மாணவரின் பிரிவுபசார நாளன்று, நண்பரொருவரிடம் இரவல் பெற்ற டிஜிற்றல் கமரா என் கையில் இருந்தது. ஐம்பது இலட்சம் புள்ளிகளைப் பதிக்கவல்ல அக்கருவி அக்காலத்துக்கு உயர்ந்தது. விருந்து முடிந்த நண்பகலில், பிள்ளைகளை வெயில் சுடுமே என எண்ணி, முப்பத்தெட்டு மாணவரையும் வேப்பமரத்தின்கீழ் மூன்று வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தேன். எல்லோரும் சிரித்தனர், யானும் மகிழ்ந்தேன்.

ஆறாண்டு கழித்து ஒரு தாயார் என் வீட்டுக்கு வந்தார். அவர் மகன் பின்வரிசையில் இடப்புறமிருந்து நான்காவதாக நின்றவன். அவன் இன்றில்லை, எவ்வாறு இல்லாமற் போனான் என்பதை ஈண்டு விரித்தல் வேண்டா. இடம்பெயர்ந்த காலத்தில் அவர் வீட்டிலிருந்த படங்கள் யாவும் அழிந்தன. “மாஸ்ரர், அந்தப் படத்திலை அவன்ர முகத்தை மட்டும் பெரிசாக்கித் தரேலுமோ?” என்று கேட்டார். கணினியிற் பெருப்பித்துப் பார்த்தோம். நெற்றியில் ஒரு வெண்வட்டம், இடக்கன்னத்தில் இன்னொன்று. கண்ணிருந்த இடத்தில் இருள். இலைகளின் இடைவெளியூடு வந்த ஞாயிற்றின் விம்பங்களே அவ்விரு வட்டங்களும் என்பதை யான் பின்னரே அறிந்தேன். தாயார் நெடுநேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு, “காது அவன்ர காதுதான்” என்றார்.

அப்படத்தை எடுத்துக்கொண்டு, நகரில் முன்பு ஸ்ரூடியோ வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் சென்றேன். திருத்தித் தருவார் என்பது என் நம்பிக்கை. அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, “தம்பி, நீர் பொடியளைப் பார்த்தீர், வெளிச்சத்தைப் பார்க்கேல்லை” என்றார். வேறு கடிந்துரை எதுவும் கூறினாரல்லர். அவரிடமே பின்னர் ஈராண்டு காலம் ஞாயிறுதோறும் சென்று பயின்றேன். கீழே வருவனவற்றுட் பெரும்பகுதி அவர் கற்பித்தது.

அன்று என் கண்ணுக்கு அம்முகங்கள் யாவும் தெளிவாகவே தெரிந்தன. கமரா மட்டும் ஏன் காணவில்லை? கண் ஒரு காட்சியை ஒரே பார்வையாற் பார்ப்பதன்று. ஒளியிற் பார்க்குங்காற் கண்மணி சுருங்கும். நிழலிற் பார்க்குங்கால் விரியும். இரண்டையும் மனம் இணைத்துக்கொள்ளும். மேலும், அறிந்த முகமாயின் இருளில் உள்ளதையும் மனம் நிரப்பிக்கொள்ளும். கமராவுக்கு மனம் இல்லை. அது முழுக்காட்சிக்கும் ஓரளவே ஒளியை ஏற்று ஒருமுறை பதிக்கின்றது. வெயில் விழும் இடத்துக்கும் அதன் அருகேயுள்ள நிழலுக்கும் எட்டு மடங்கு, சிலபோது அதனினும் மிகுதியான வேறுபாடு உண்டு. நிழலுக்கு அளவிட்டால் வெயிற்பகுதி வெளுத்துப் போம். வெயிலுக்கு அளவிட்டால் நிழல் கறுத்துப் போம். வெளுத்த பகுதியைப் பின்னர் மீட்டல் இயலாது. குடம் நிரம்பி வழிந்தபின், எவ்வளவு நீர் வார்த்தார் என்பதைக் குடத்தைக் கொண்டு அறிய முடியுமோ? கறுத்த பகுதியில் ஓரளவு மீட்கலாம். ஆயினும் பதியாத கண்ணை எவராலும் தோற்றுவித்தல் இயலாது.

முதியவர் எனக்கு இட்ட முதற் பாடம் கமரா இல்லாத பாடம். வெள்ளை முட்டையொன்றைச் சன்னலருகே வைத்து, ஒரு கிழமை காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பார்த்து வரும்படி கூறினார். எம் வீட்டில் முட்டை புகாதாதலின் யான் விளாம்பழம் ஒன்றை வைத்தேன். அதுவும் வெளிறிய உருண்டையே, பாடத்துக்குப் பழுதில்லை. முதல் இரண்டு நாளும் அது விளாம்பழமாகவே இருந்தது. மூன்றாம் நாள் அதன் ஒருபுறம் ஒளியும், மறுபுறம் நிழலும், இரண்டுக்கும் இடையே மெல்ல மாறிச்செல்லும் சாம்பல்நிறமும் கண்ணிற் பட்டன. நிழற்பக்கத்தின் ஓரத்தில், வெள்ளைச் சுவரினின்று தெறித்து வந்த மங்கிய ஒளி ஒன்றும் இருந்தது. பழம் உருண்டை என்பதை எனக்கு அறிவித்தது அம்மாற்றமே. முகமும் அத்தகையதே. மூக்கும் கன்னமும் புருவமும் மேடுபள்ளமாய் நிற்பதை ஒளியும் நிழலுமே எழுதிக் காட்டுகின்றன.

ஒளியிற் கவனிக்கத்தக்கவை அதன் திசையும் மென்மையுமாம். ஒளிமுதல் சிறிதாகத் தோன்றினால் நிழலின் விளிம்பு கத்தியால் அறுத்தாற் போலிருக்கும். பெரிதாகத் தோன்றினால் நிழல் மென்மையாகும். ஞாயிறு அளவிற் பெரிதாயினும் தொலைவினால் நமக்கு ஒரு சிறு வட்டமே. ஆகவே வெயில் வன்மையான ஒளி. அதே ஞாயிற்றை மேகம் மூடியவழி வானம் முழுவதும் ஒளிமுதலாகிவிடும். மப்பும் மந்தாரமுமான நாளைப் படத்துக்கு ஆகாத நாள் என்று பலர் கருதுவது பிழை. முகத்துக்கு அதனினும் சிறந்த நாள் கிடைத்தல் அரிது.

திசையைப் பொறுத்தவரை நம் ஊரில் ஒரு தனி இடர் உண்டு. யாழ்ப்பாணம் பூமத்தியரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. சித்திரைப் புத்தாண்டை அண்டியும் ஆவணி மாதத்திலும் நண்பகல் ஞாயிறு நேரே உச்சந்தலையில் நிற்கும். அவ்வேளையில் புருவத்தின் நிழல் கண்ணை மூடும். மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசையாகும். நம் விழாக்களோ பெரும்பாலும் பகலுணவு வேளையிலேயே முடிவனவாதலின், குழுப்படங்களும் அப்பொழுதே எடுக்கப்படுகின்றன. காலை எட்டரை மணிக்கு எடுக்க வேண்டியதை மதியம் பன்னிரண்டரைக்கு எடுப்பதனாற் கெட்டுப்போன படங்கள், கருவிக்குற்றத்தாற் கெட்டவற்றினும் பல என்பது என் துணிபு.

வெளிவிறாந்தை நமக்கு வாய்த்த நற்பேறு. மேலே கூரை உச்சிவெயிலைத் தடுக்கும். திறந்த பக்கத்தினின்று வானொளி பரந்து வரும். எதிரேயுள்ள வெண்மணல் முற்றம் கீழிருந்தும் சிறிது ஒளியைத் தெறிக்கும். முகத்தை வெளிப்புறம் நோக்கித் திருப்பி, விளிம்பினின்று இரண்டோர் அடி உள்ளே நிறுத்தினாற் போதும். கண்மணியில் வெள்ளைப் பொட்டாக வானம் தெரியும். அப்பொட்டு இல்லாத கண் படத்தில் உயிரற்றிருக்கும். அது தோன்றும்வரை ஆளை மெல்லத் திருப்புக என்பது முதியவரின் கட்டளை.

இனி, கருவிக்குள் நிகழ்வது யாது என்பதைப் பார்ப்போம். பொத்தல் நுண்ணியதாயின் விம்பம் தெளிவாகும், ஆனால் மங்கலாகும். பொத்தல் பெரிதாயின் ஒளி மிகும், ஆனால் உருவம் கலங்கும். தெளிவும் ஒளியும் ஒருங்கே வேண்டின் குவிவு வில்லை வேண்டும். ஒரு புள்ளியினின்று பரந்து வரும் கதிர்களை வில்லை முறித்து மீண்டும் ஒரு புள்ளியிற் சேர்க்கின்றது. ஆயின் அது குறித்த ஒரு தூரத்திலுள்ள பொருளுக்கே முற்றும் பொருந்தும். முன்னும் பின்னும் உள்ளவை சிறிது சிறிதாகக் கலங்கும். வில்லையின் துவாரத்தைச் சுருக்கச் சுருக்க, பழைய ஊசித்துவாரத்தின் குணம் மீண்டும் வந்து, தெளிவாயிருக்கும் ஆழம் பெருகும். மூன்று வரிசையாக ஆட்களை நிறுத்துவோர் துவாரத்தைச் சுருக்கவேண்டுவது இதனாலேயாம்.

துவார எண்களாகிய 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்பவற்றைக் கண்டு பலர் மருள்வர். அவை வில்லையின் குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வந்த ஈவுகள். 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையில் துவாரத்தின் விட்டம் 25 மில்லிமீற்றராயின் எண் 2. ஆறேகால் மில்லிமீற்றராயின் எண் 8. ஆகவே எண் பெருகினால் துவாரம் சிறுக்கும். ஒளியைத் தீர்மானிப்பது துவாரத்தின் பரப்பு. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒவ்வோர் எண்ணும் முந்தியதைப்போல ஏறத்தாழ 1.4 மடங்காக அமைந்து, ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகக் குறைகின்றது. கணிதம் கசந்த மாணவரும் இவ்வெழு எண்களையும் வாய்ப்பாடுபோல மனனஞ் செய்துவிடுதல் நன்று.

துவாரம் ஒளியின் அகலத்தை ஆள்கின்றது. ஷட்டர் என்னும் மூடி அதன் காலத்தை ஆள்கின்றது. ஒரு செக்கனின் 125இல் ஒரு பங்கு திறந்திருந்தால், அசையாது நிற்கும் மனிதருக்குப் போதும். ஓட்டப்போட்டிக்கு 500இல் ஒரு பங்கோ அதனினும் விரைவோ வேண்டும். 30இல் ஒரு பங்குக்குக் கீழே கையின் நடுக்கம் படத்தில் ஏறும். முக்காலி இல்லாதவர் தூணிற் சாய்ந்து, மூச்சை மெல்ல விட்டு அழுத்துக. மூன்றாவது, படச்சுருளின் அல்லது உணரியின் கூர்மை. ஐ. எஸ். ஓ. 100, 200, 400 என எண் இரட்டிக்கும்போது தேவைப்படும் ஒளி பாதியாகும். அதற்கு ஈடாகப் படத்திற் குறுணை மிகும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடுசெய்வன. நல்ல வெயிலில், துவார எண் 16 ஆக, ஐ. எஸ். ஓ. 100க்கு 125இல் ஒரு பங்கு செக்கன் என்பது பழைய படப்பிடிப்பாளர் ஒளிமானி இன்றியே கைக்கொண்ட கணக்கு. இன்றைய கருவிகள் அனைத்தையும் தாமே கணித்துவிடுகின்றனவே, இவற்றை அறிவானேன் என்று கேட்கலாம்.

அக்கேள்விக்கு விடை நம் உடையிலேயே உள்ளது. கமராவின் ஒளிமானிக்கு எதிரே நிற்பது யாது என்று தெரியாது. உலகமெல்லாம் நடுத்தரச் சாம்பல்நிறம், அதாவது விழும் ஒளியில் ஏறக்குறைய 18 வீதத்தைத் தெறிப்பது, என்ற எடுகோளின்மீதே அது கணக்கிடுகின்றது. நாமோ வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சால்வையும் அணிந்த நாற்பது பேர். மாணவராயின் வெள்ளைச் சட்டை. அவ்வளவு வெண்மையைக் கண்ட கருவி, ஒளி மிதமிஞ்சியதென மயங்கி அளவைக் குறைக்கும். வேட்டி சாம்பலாகும், முகம் கரியாகும். “நாங்கள் கறுப்பு, அதுதான் படத்திலை விழாது” என்று நம்மவர் தம் நிறத்தை நொந்துகொள்வதை எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! குற்றம் நிறத்தினதன்று. கமராவில் மிகை குறை என்னும் திருத்தக்குறி உண்டு; அதனை ஒருபடி மிகையில் வைத்தால் வெண்மை வெண்மையாகவும் முகம் முகமாகவும் நிற்கும். கைத்தொலைபேசியாயின் திரையில் முகத்தின்மீது விரலை வைத்தால் அது முகத்துக்கு அளவிடும். மேனாட்டுப் படச்சாலைகளில் நிறத்தைச் சரிபார்க்கப் பல்லாண்டு வழங்கிய ஷேர்லி அட்டை என்னும் மாதிரியில், வெண்ணிற மங்கையின் உருவமே இருந்தது என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். கருவி நம்மை எண்ணி ஆக்கப்பட்டதன்று. ஆகவே நாம் அதற்குச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

விம்பத்தைக் காண்பது பழைய வித்தை. அதனைப் போகாமல் நிறுத்துவதே புதியது. பிரான்சிய நாட்டு நியெப்ஸ் என்பார் 1826 அல்லது 1827இல், தம் வீட்டு மேல்மாடிச் சன்னலினின்று தெரிந்த காட்சியைப் பல மணிநேரம் ஒளிபடச்செய்து உலோகத் தகட்டிற் பதித்தார். 1839இல் டகேரின் முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்தில் டல்பொற்று என்பார் ஒரு மறைப்படத்தினின்று பல படிகள் எடுக்கும் வழியைக் கண்டார். வெள்ளி உப்புக்கள் ஒளிபட்டாற் கறுக்கும் என்பது முன்னரே அறியப்பட்டது. கறுக்காமல் எஞ்சிய உப்பைக் கழுவி நீக்கச் சோடியந் தயோசல்பேற்று உதவும் எனக் காட்டியவர் ஹேர்ஷல். கிரேக்க மொழியில் ஒளியால் வரைதல் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை 1839இல் வழக்குக்குக் கொணர்ந்தவரும் அவரே. தமிழிற் புகைப்படம் என்பது எக்காரணத்தாலோ நிலைத்துவிட்டது. ஒளிப்படம் என்பதே பொருளோடு ஒத்தது. நிழற்படம் எனினும் யான் பிழைகூறேன், ஒளியுள்ளவிடத்தே நிழலும் உண்டாதலின். 1975இல் சசொன் என்னும் பொறியியலாளர் ஆக்கிய முதல் டிஜிற்றல் கமரா பத்தாயிரம் புள்ளிகளையே பதித்தது. ஒரு படத்தை நாடாவிற் சேமிக்க 23 செக்கன் பிடித்தது. வெள்ளி உப்பின் இடத்தை இன்று சிலிக்கன் உணரி பிடித்துக்கொண்டது. ஒளிமட்டும் நியெப்ஸ் கண்ட அதே ஒளி.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். யூலியா மார்கிரற் கமரன் என்னும் அம்மையார் 1815இற் கல்கத்தாவிற் பிறந்தவர். அவர் கையிற் கமரா கிடைத்தது 1863இல், நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் அளித்த பரிசாக. இங்கிலாந்தின் வைற்றுத் தீவில், நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கினார்; கண்ணாடியிட்ட கோழிக்கூட்டைப் படம்பிடிக்கும் இடமாக்கினார். அவர் முன்னே இருந்தவர் அசையாது பல நிமிடம் இருத்தல் வேண்டும்; வில்லையோ இன்றைய வில்லைகளோடு ஒப்பிட இழிந்தது. ஆயினும் ஒருபுறமிருந்து வந்த ஒளியை முகத்தில் வாங்கி அவர் எடுத்த உருவப்படங்கள் இன்றும் அக்கலையின் உச்சியில் வைத்து எண்ணப்படுகின்றன. 1875இற் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவை மாதா கோவில் முற்றத்தில் அவர் துயில்கின்றார். அவர்க்குப் பின் நம் நாட்டின் ஒளியையும் நம் மக்களின் மேனிநிறத்தையும் ஆழ்ந்து அறிந்து படமாக்கியவர் லயனல் வென்ற் (1900 – 1944). கொழும்பிலுள்ள கலையரங்கு அவர் பெயரால் வழங்குகின்றது.

இப்பொழுது கருவியைப்பற்றிக் கூறுகின்றேன். புதிதாகப் பயில்வோர் தம்மிடமுள்ள கைத்தொலைபேசியிலேயே தொடங்குக. அதன் வில்லை அகன்ற காட்சியைக் கொள்வது. ஆகவே ஒருவரை அணுகி எடுத்தால் மூக்குப் பெருத்துக் காது சிறுக்கும். ஆறடி பின்னே நின்று எடுத்துப் பின்னர் ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். கமரா வாங்க விரும்புவோர்க்கு, வில்லையைக் கழற்றி மாற்றத்தக்க பழைய கருவியொன்றும் 50 மில்லிமீற்றர் வில்லையொன்றும் பல்லாண்டுக்குப் போதும். பிளாஷ் விளக்கை முகத்துக்கு நேரே அடித்தலைத் தவிர்த்து, வெள்ளைச் சுவரிலோ முகட்டிலோ தெறிக்கவிட்டு வாங்குக. முக்காலி விலைமலிந்தது, பயன் மிகுந்தது. இவற்றுக்கு மேலானவற்றைப் பணமுள்ளோர் வாங்கட்டும். வெளிநாட்டு அன்பரொருவர் அன்பளித்த விலையுயர்ந்த கமரா ஓரிடத்தில், கெட்டுவிடுமே என்னும் அச்சத்தால் அலுமாரியிற் பூட்டப்பட்டு, வில்லையினுள் பூஞ்சணம் படர்ந்து கெட்டதை யான் கண்டேன். ஈரக்காற்றுள்ள நம் ஊரில் வில்லைக்குப் பகை இருளும் புழுக்கமுமே. இறுக மூடும் பெட்டியிற் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வைத்து, அடிக்கடி வெளியே எடுத்து வழங்கி வருக.

அத்தாயாரின் மகனுக்கு வருகின்றேன். அவனோடு பயின்றோர் பலரிடம் எழுதிக் கேட்டேன். ஈற்றில் ஒருவன், 2005இல் தன் தமையனின் கைத்தொலைபேசியால் விளையாட்டாக எடுத்த படமொன்றை அனுப்பினான். மூன்று இலட்சம் புள்ளிகள். என் கையிலிருந்த கமராவின் பதினாறில் ஒரு பங்குதானும் இல்லை. நூலகத்தில், வடக்குப் பார்த்த சன்னலருகே, புத்தகமொன்றை விரித்தபடி அவன் பாதி திரும்பி நிற்கின்றான். வானொளி ஒருபக்கமாக விழுகின்றது. இரு கண்ணும் தெரிகின்றன. கண்மணியிற் சன்னல் தெரிகின்றது. உள்ளங்கை அளவுக்குமேற் பெருப்பிக்க இயலவில்லை. அவ்வளவிலேயே சட்டமிட்டு அத்தாயாரிடம் கொடுத்தேன். இன்று அவர் வீட்டுச் சுவாமியறைக்கு வெளியே அது தொங்குகின்றது.

யூபிலி விழாவன்று குழுப்படம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஆகவே அன்பர்களுக்குச் சில முன்னறிவித்தல்கள். படம் காலை எட்டரை மணிக்கு எடுக்கப்படும். பகலுணவுக்குப் பின் அன்று. இடம், பிரதான மண்டபத்தின் மேற்குப்புறம். அவ்வேளையில் கட்டடத்தின் நிழல் முழுமையாக அங்கே விழும், எதிரே மேற்கு வானம் திறந்திருக்கும். மரத்தின்கீழ் எவரும் நிற்க வேண்டா. வாங்குகள் மூன்று படியாக இடப்படும். துவார எண் 8, ஷட்டர் 125இல் ஒரு பங்கு, குவியம் நடுவரிசையின் கண்ணில், திருத்தம் ஒருபடி மிகை. நாற்பது பேரில் ஒருவரேனும் கண் இமைப்பார் ஆதலின் குறைந்தது எட்டுப் படம் எடுப்பேன், பொறுத்தருள்க. பின்வரிசையில் நிற்போர் தமக்கு முன்னே இரு தலைகளின் இடைவெளி உண்டா என்று பார்த்துக்கொள்க. கமராவின் வில்லை உமக்குத் தெரிந்தால், நீரும் அதற்குத் தெரிவீர்.

எடுத்தபின் ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதிக்கொள்ள இரு மாணவர் நிற்பர். படியின் பின்புறத்தில் மென்மையான பென்சிலாலேயே எழுதுவோம். குமிழ்ப்பேனை அழுத்தம் முகப்பிற் புடைக்கும். அலுவலகச் சுவரிலுள்ள பழைய கருப்பு வெள்ளைப் படங்கள், நன்கு கழுவப்பட்டமையால் இன்றும் மங்காதிருக்கின்றன. ஆயினும் அவற்றுட் சிலவற்றில் நிற்பவர் எவர் என்று கூற ஊரில் ஒருவரும் இல்லை. அம்முகங்களை அறிந்த முதியோர் எவரேனும் விழாவுக்கு வருவாராயின், படப்பிடிப்புக்கு அரைமணி முன்னதாக அலுவலகத்துக்கு வந்து எமக்கு உதவுமாறு வேண்டுகின்றேன்.